உரற்கதையும் எகலப்பொல அதிகாரும்

கண்டியின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றி வேறெதனையும் அறியாதவர்களும் ஒன்றை அறிவர். தன் பிரதம அதிகாராயிருந்த எகலப்பொலவின் மனைவியைக் கொண்டே அவள் பெற்ற பிள்ளைகளின் தலைகளை உரலிலிட்டு இடிப்பித்தான் என்பதே அது. அண்ணன் அஞ்சித் தாயின் பின்னே ஒளிக்க, முன்வந்து கழுத்தை நீட்டிய பாலகன் மத்தும பண்டார சிங்களக் குழந்தைகள் யாவரும் அறிந்த வீரன். 2014 இல் சுனில் ஆரியரத்ன அத்தாயின் கதையைத் திரைப்படமாகவே எடுத்தார். இருநூறாண்டு கழிந்தும் அவ்வுரலின் ஓசை அடங்கவில்லை.

கேட்பவர் நெஞ்சை உலுக்கும் கதைதான். ஆயின் உலுங்கிய நெஞ்சு, கதையை யார் சொன்னார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று கேட்க மறந்துவிடுகிறது. கண்டிப் பகுதிப் பாடசாலைகளில் வரலாறு படிக்கும் தமிழ் மாணவர் 'தமிழ் அரசனின் கொடுமை' என்ற பெயரில் இதனைக் கேட்டுத் தலைகுனிய நேர்கிறது. ஆகவே இக்கேள்விகளை எழுப்புவது ஆசிரியர்களாகிய நமது கடமையென்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அரசனுக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. 1814 இல் எகலப்பொலவின் குடும்பம் கண்டியில் அழிக்கப்பட்டது உண்மை. திசாவைகளாக மாகாணங்களுக்குச் செல்லும் பிரதானிகளின் மனைவி மக்கள் தலைநகரிலேயே பிணையாகத் தங்கியிருக்க வேண்டுமென்பது கண்டியரசின் வழக்கு. தலைவன் கலகம் செய்தால் பிணை அழியும். இக்கொடிய ஏற்பாட்டை எகலப்பொல நன்கறிவார். அவரே அதன் காவலர்களுள் ஒருவராயிருந்தவர். அறிந்திருந்தும் சப்பிரகமுவவில் கலகக்கொடி உயர்த்தினார். அது முறிந்ததும் ஆங்கிலேயரின் எல்லைக்குள் ஓடித் தம்முயிரைக் காத்துக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் நின்றனர்.

உரலும் உலக்கையும் நமக்கு வந்து சேர்ந்த வழி யாது? நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் இடைப்பட்ட வெளியில் பிள்ளைகள் வெட்டுண்டதையும், தாய் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டதையும் விரிவாக எழுதி உலகறியச் செய்தவர் ஜோன் டேவி என்னும் படை மருத்துவர். அவருடைய நூல் 1821 இல் இலண்டனில் வெளிவந்தது. ஆனால் டேவி இலங்கைக்கு வந்ததோ 1816 இல். சம்பவம் நடந்து ஈராண்டுகள் கழிந்துவிட்டன, அரசன் நாடுகடத்தப்பட்டுவிட்டான், அவனுக்காகப் பேசக்கூடிய உறவினர் எவரும் கண்டியில் விட்டுவைக்கப்படவில்லை. டேவியின் முன் வாய்திறக்கக் கூடியவர் வென்றவர்களும் வென்றவர்களுக்குத் துணைநின்றவர்களுமே. டேவி பொய்யர் என்று நாம் சொல்லவில்லை. ஒரு தரப்பை மட்டும் விசாரித்து எழுதிய தீர்ப்பை ஒப்புக்கொள்ள எந்த நீதிமன்றமும் தயங்கும் என்றே சொல்கிறோம்.

இனி அத்தரப்பின் தலைமகனைப் பார்ப்போம். எகலப்பொலவின் மாமனாகிய பிலிமத்தலாவை, 1798 இல் கண்ணுசாமி என்னும் பதினெட்டு வயது இளைஞனை அரியணை ஏற்றியவர். பொம்மையாக இருப்பான் என்றெண்ணிய இளைஞன் அரசனாகவே நடக்கத் தலைப்பட்டதும், அவனைக் கவிழ்க்க ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்துடன் அந்தரங்கப் பேரம் பேசினார். ஈற்றில் சதிக் குற்றத்துக்காக அரசனால் சிரச்சேதம் செய்யப்பட்டார். மாமன் ஏறிய கொலைக்களத்து ஈரம் உலருமுன் அவருடைய பதவியில் அமர்ந்தவர் மருமகன் எகலப்பொல. பின்னர் மாமன் தொடங்கிய பேரத்தை அவர் தொடர்ந்தார். ஆங்கிலேயரின் பிரதம மொழிபெயர்ப்பாளரும் ஒற்றர் தலைவருமான ஜோன் டொயிலியின் நாட்குறிப்பு 1917 இல் கொழும்பில் அச்சேறியது. பிக்குகளும் வணிகரும் பிரதானிகளின் ஆட்களும் 1810 முதல் அவருக்குக் கொண்டுவந்த செய்திகளும், கைமாறிய பரிசில்களும் அதில் நாள்தவறாமல் பதியப்பட்டுள்ளன. உரற்கதை எழுவதற்கு நான்காண்டுகள் முன்பே கண்டியை விழுங்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1803 இல் கண்டியைப் பிடித்துத் தம் படையையே பறிகொடுத்த ஆங்கிலேயருக்குத் தேவையாயிருந்தது ஒரு நல்ல காரணம். அதனை எகலப்பொல கையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

எகலப்பொலவின் கண்ணீர் பொய்யானதென்று சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை. பெற்ற பிள்ளைகளை இழந்தவர் அவர். எனினும் அக்கண்ணீரின் பின்னே அரியணையாசையும் இருந்தது. நாயக்கருக்குப் பின் தாமே மன்னராவோம் என்று அவர் நம்பினார். அவரைப் புகழ்ந்து நாயக்கரை இகழும் 'எஹெலபொல ஹட்டன' என்னும் சிங்களப் போர்க்காவியத்தின் மற்றொரு பெயர் 'வடிக ஹட்டன'. வடுகரென்றால் வெறுக்கத்தக்கவர் என்ற எண்ணம் அங்கே செய்யுள் வடிவம் பெறுகிறது. இத்தனைக்கும் அவ்வடுக வமிசத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே 1753 இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டியவன்.

1815 பெப்ரவரியில் கண்டி வீழ்ந்தது. மெதமகாநுவரப் பக்கத்தில் ஒளித்திருந்த அரசனை எகலப்பொலவின் ஆட்களே பிடித்துக் கொடுத்தனர். மார்ச் 2 ஆம் நாள் மகுல் மடுவவில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. உரற்கதையின் உண்மையான பயனை இவ்வாவணத்தில்தான் காண்கிறோம். ஓர் அரசன் கொடியவன், ஆகவே அவன் நீக்கப்பட்டான் என்று எழுதியிருந்தால் அது ஒருவனைப் பற்றிய தீர்ப்பாகும். ஆவணமோ 'மலபார்' ஆட்சியாளனின் கொடுமை என்று தொடங்குகிறது. 'மலபார்' இனத்தாருக்கு அரியணையில் என்றென்றைக்கும் உரிமையில்லை என்கிறது. மூன்றாம் பிரிவில், கண்டி மாகாணங்களை விட்டு வெளியேற்றப்பட்ட அச்சாதி ஆண்கள் அனைவரும் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாதென்று விதிக்கிறது. ஒரு மனிதனின் குற்றம் ஒரு மக்கட் கூட்டத்தின் இயல்பாக மாற்றப்பட்டது இங்கேதான். மாற்றிய பேனா ஆங்கிலேயனுடையது. ஒப்பமிட்டவர்கள் கண்டிப் பிரதானிகள். அவர்களுட் சிலர் தமிழ் எழுத்திலேயே ஒப்பமிட்டிருப்பது வரலாற்றின் குறும்பு.

அதே உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு சித்திரவதையையும் அங்கச் சேதத்தையும் ஒழிப்பதாகப் பெருமையோடு பறைசாற்றுகிறது. பறைசாற்றியவர்களின் தாய்நாட்டில் இராசத் துரோகியைக் குடலுருவிக் கொல்லும் தண்டனை மாற்றப்பட்டது 1814 இலேதான், அதாவது எகலப்பொலவின் பிள்ளைகள் மாண்ட அதே ஆண்டில். 1820 மே முதலாம் நாள் இலண்டன் மாநகரில் ஐவரைத் தூக்கிலிட்டு, பின் அவர்களின் தலைகளை வெட்டி மக்களுக்குக் காட்டினர். இடையில் 1818 இல் ஊவா வெல்லச எழுச்சியை அடக்கியபோது வீடுகளும் நெற்களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. அங்கு மடிந்த குடியானவரின் குழந்தைகளைப் பற்றிக் காவியமுமில்லை, திரைப்படமுமில்லை. அதிகாரின் பிள்ளைக்கு ஒரு வரலாறும் உழவனின் பிள்ளைக்கு வேறொரு வரலாறும் எழுதுவது நம் சமூகத்தின் நெடுநாள் வழக்கம் போலும்.

அவ்வெழுச்சியின் தலைவன் கெப்பெட்டிப்பொல, குளத்தில் மாண்ட அக்குமாரிஹாமியின் உடன்பிறந்தவன். தமக்கை குடும்பத்தைக் கொன்ற அரசனை நீக்கியவர்கள் என்று ஆங்கிலேயருக்கு அவன் நன்றி பாராட்டவில்லை, அவர்களுக்கெதிராகவே வாளெடுத்தான். இரத்தபாசமே வரலாற்றை நடத்துகிறதென்று எண்ணுவோர் இதனை எங்கே வைப்பார்கள்? 1818 நவம்பரில் போகம்பரையில் அவன் தலை வெட்டப்பட்டது. மண்டையோடு ஆராய்ச்சிக்கென எடின்பரோவுக்குப் போய், 1954 இலேதான் நாடு திரும்பியது.

எகலப்பொலவுக்கு முடி கிடைக்கவில்லை. 'பிரித்தானிய அரசாங்கத்தின் நண்பர்' என்ற பட்டம் கிடைத்தது. 1818 இல் அந்த நண்பரையே ஐயுற்றுப் பிடித்து, வழக்கு விசாரணையின்றிக் கொழும்பில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்தனர். 1825 இல் மொரீசியசுக்குக் கப்பலேற்றினர். அங்கேயே 1829 இல் மாண்டார். அவர் சொல் அரசனுக்கெதிராகப் பயன்பட்ட வரையில் ஆங்கிலேயர் அவரை நம்பினர்; பயன் தீர்ந்ததும் அதே மனிதர் நம்பத்தகாதவரானார். அவர் பகைத்த அரசனோ வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் சிறையிருந்து 1832 இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதி இருக்கிறது.

அண்மைக் காலத்தில் பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 2017 இல் வெளியிட்ட ஆங்கில நூலொன்றில், இவ்வரசனின் கொடுங்கோலன் உருவம் எவ்வாறு கட்டியெழுப்பப்பட்டது என்பதை விரிவாக ஆராய்ந்தார். சிங்களவர் ஒருவர், தம் வாழ்நாளின் பிற்பகுதியில், தம் இனத்தார் போற்றும் கதையொன்றை இவ்வாறு அவிழ்த்துப் பார்க்கத் துணிந்தார் என்பதை நம் மாணவர்க்கு எடுத்துக் கூறவேண்டும். வரலாற்றை இனத்துக்கொன்றாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு அந்நூலே போதிய சான்று.

உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு அதிக காலம் உயிர்வாழவில்லை. 1820களில் கம்பளையிலும் பேராதனைப் பக்கத்திலும் கோப்பி பயிரிடத் தொடங்கியதும், நுழையக்கூடாதென்று தடுக்கப்பட்ட அதே தமிழரை அதே அரசாங்கம் பின்னர் ஆயிரக்கணக்கில் கண்டி மலைகளுக்குள் நடத்திக் கொண்டுவந்தது. அப்போது எவரும் உரலைப் பற்றிப் பேசவில்லை.