சார்ல்ஸ் ஜேம்ஸ்: மாலை விருந்து ஆடைகளின் கட்டடக்காரர்

1906-ல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் பிறந்த சார்ல்ஸ் ஜேம்ஸ் முறையாகத் தையல் படித்தவர் அல்லர். தந்தை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. தாய் சிகாகோவின் வசதியான குடும்பத்துப் பெண். ஹாரோ பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1926-ல் சிகாகோவில் பெண்களுக்கான தொப்பிக் கடை திறந்தார். குடும்பப் பெயர் கடைப் பலகையில் ஏறக்கூடாது என்று தந்தை தடுத்துவிட்டதால், சார்ல்ஸ் பூஷெரோன் என்ற பெயரில் கடை நடந்தது.

தொப்பி செய்து பழகிய கை கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. தொப்பிக்குத் தலையின் ஆதாரம் போதும்; மற்றபடி அது தன் வடிவத்தில் தானே நிற்கும். ஜேம்ஸ் தைத்த கவுன்களும் அப்படித்தான், இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தாமாக நின்றன. 1930-களில் லண்டனிலும் பாரிசிலும் தொழில் செய்தபோது, உடலைச் சுற்றி வளைந்தேறும் ‘டாக்சி’ உடையைப் பிரபலப்படுத்தினார். டாக்சிக்குள் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பெயராம்.

1937-ல் பாரிசில் செய்த வெள்ளை சாட்டின் மேலங்கி அவருடைய வேலைத்திறனுக்கு நல்ல சாட்சி. துணியை வளைவு வளைவாகத் தைத்து, உள்ளே வாத்திறகு அடைத்திருந்தார். எங்கும் ஒரே தடிமனாக அடைத்தால் கையைத் தூக்க முடியாது. கழுத்தை ஒட்டியும் அக்குள் பக்கத்திலும் அடைப்பைக் குறைத்தார். இன்றைய குளிர்கால ‘பஃபர்’ ஜாக்கெட்டுக்கு அதையே முன்னோடி என்கிறார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் நியூயார்க் வந்தவர், அழகுப் பொருள் வணிகர் எலிசபெத் ஆர்டனோடு சிலகாலம் வேலை செய்து பிரிந்தார். 1945-ல் மேடிசன் அவென்யூவில் சொந்தக் கடை போட்டார். பிறகு வந்த பத்தாண்டுதான் அவருடைய பொற்காலம். 1948-ல் அவருடைய கவுன்களை அணிந்த பெண்களை வோக் இதழுக்காகப் புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. 1950-லும் 1954-லும் ஆடை வடிவமைப்புக்கான கோட்டி விருது கிடைத்தது.

ஆஸ்டின் ஹெர்ஸ்ட் என்ற சீமாட்டிக்காக 1953-ல் உருவான ‘க்ளோவர் லீஃப்’ கவுன் அவருடைய படைப்புகளில் தலையாயது. பாவாடையின் விளிம்பு நான்கு இதழாக விரியும். வெண் சாட்டினுக்கும் தந்த நிறப் பட்டுக்கும் நடுவே கறுப்பு வெல்வெட் ஓடும். 30 வெட்டுத் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குகள். எடை நாலைந்து கிலோவுக்குக் குறையாது. பாரம் இடுப்பில் சமமாக இறங்கியதால் அணிந்தவர் நடனமாடுவதில் சிரமம் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பதவியேற்பு விருந்துக்கென்று தொடங்கிய கவுன் அது. விருந்து முடிந்த பிறகுதான் தைத்து முடிந்தது.

இந்தத் தாமதம் அவருக்குப் புதிதல்ல. ஆடையின் ஒரு கையை வெட்டும் முறையைச் சரிசெய்வதிலேயே நாட்களைக் கரைப்பார். சொன்ன தேதியில் ஆடை வராது. கணக்கு வழக்கிலும் கறார் இல்லை. ஆயத்த ஆடை நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்கள் வழக்குகளில் முடிந்தன. அந்த நுணுக்க வெறி இல்லாமல் அந்தக் கவுன்கள் பிறந்திருக்காது; கடை மூழ்கியதற்கும் அதுவே பெரும் காரணம். 1958-ல் தொழிலை மூடினார்.

1964 முதல் நியூயார்க்கின் செல்சி ஹோட்டலில் தங்கியிருந்து, தன் பழைய ஆடைகளை ஓவியர் அன்டோனியோ லோபஸைக் கொண்டு ஓவியமாக வரையவைத்தார். 1978-ல் நிமோனியாவில் இறந்தார். 2014-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தி, ஒவ்வொரு கவுனும் எப்படி வெட்டி இணைக்கப்பட்டது என்பதை அசையும் படங்களாகக் காட்டியது.