ஆரோக்கியப்பச்சை கடந்த வழி

1987 டிசம்பர். பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் அகில இந்தியத் திட்டத்துக்காக, டாக்டர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு கேரளப் பக்கமாக அகத்தியமலையில் ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்டிகள் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. காணிகளுக்குக் களைப்பே இல்லை. அவ்வப்போது ஏதோ சிறு காயை மென்றபடி நடந்தார்கள். தின்றுபார்த்த ஆய்வாளர்களுக்கும் தெம்பு வந்தது. எந்தச் செடி என்று கேட்டபோது மட்டும் காணிகள் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத சங்கதி அது. வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் காட்டினார்கள்.

ஓடைக்கரை நிழலில் தரையோடு தரையாக வளரும் சிறு செடி, ஆரோக்கியப்பச்சை. காட்டின் சருகுக்குள் பார்த்தே பழகிய கண்ணுக்குத்தான் அகப்படும். தாவரவியலாளர்கள் அதை முன்பே அறிந்திருந்தார்கள்: டிரைக்கோபஸ் செய்லானிகஸ் டிராவன்கோரிகஸ். பெயரில் இலங்கை இருக்கிறது, திருவிதாங்கூர் இருக்கிறது; காணி இல்லை. பெயர் வைத்தவர்களுக்கு அதன் குணமும் தெரியாது.

செடி பிறகு பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. காணிகள் தின்றது காயை. ஆய்வகம் எடுத்துக்கொண்டது இலையை. செடியைப் பிடுங்காமல் இலையைத் திரும்பத் திரும்பப் பறிக்கலாம் அல்லவா? அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி மூன்றும் அந்த இலையோடு சேர்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமம் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குக் கிடைத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஆய்வு நிறுவனம் முடிவுசெய்தது.

அன்றைய இந்தியாவில் அது பெரிய காரியம். பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடு என்று கட்டாயப்படுத்தும் சட்டமே அப்போது இல்லை. ஆனால் பணத்தை யார் கையில் கொடுப்பது? வெவ்வேறு ஊர்களில் சிதறிக் கிடந்த காணிகளுக்குப் பொது அமைப்பு எதுவும் இல்லை. 1997இல்தான் ஓர் அறக்கட்டளை பதிவானது. 1999இல் அதன் கணக்கில் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. இதற்கிடையே காணி வைத்தியர்களான பிலாத்திகளில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மருந்தறிவு அவர்கள் பொறுப்பில் இருப்பது. ரகசியத்தைச் சொன்னவர்களோ வழிகாட்டிகள். ஒருசிலர் வாய்திறந்தால் குலம் முழுவதும் சம்மதித்ததாகுமா?

இன்னொரு முட்டுக்கட்டை காட்டிலேயே இருந்தது. செடி தன் இயல்பான இடத்தை விட்டு விலகினால் குணம் குன்றுகிறது என்றார்கள். காட்டோரமாகப் பயிரிட்டுக் காணிகள் பிழைக்கலாம் என்றால், காட்டுச்செடியே களவு போய்விடும் என்று வனத்துறை அஞ்சித் தடுத்தது. செடியைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கே அதை விற்க அனுமதி கிடைக்கவில்லை.

2002இல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பலனைப் பகிர்வது சட்டக் கடமையானது. உலக அரங்குகளில் ஜீவனி இன்றும் முன்னுதாரணமாகப் பேசப்படுகிறது. பேசட்டும். ஆனால் வரிசையைப் பாருங்கள்: 1987இல் அறிவு போனது, 1995இல் ஒப்பந்தம், 1997இல் அறக்கட்டளை, 1999இல் பணம். முதலில் அறிந்தவர்கள் கடைசியில்தான் மேசைக்கு வந்தார்கள். பங்கு கொடுத்தது நியாயம். ஒப்பந்தம் எழுதும்போதே பக்கத்தில் உட்காரவைத்திருந்தால் அதுதான் மரியாதை.