பிரெக்சிட்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய இராச்சியம் வெளியேறிய நிகழ்வு. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் வெளியேற்றத்தை ஆதரித்தனர். 2020 ஜனவரி 31-இல் உறுப்புரிமை முடிவுற்றது. அவ்வாண்டு இறுதிவரை இடைமாற்றக் காலம் நீடித்தது.

அரசியல் விளைவுகள்: முடிவு வெளியானதும் பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகல் அறிவித்தார். அடுத்து வந்த தெரசா மேயின் விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மும்முறை நிராகரித்தது. 62 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்க வாக்களித்த ஸ்காட்லாந்தில் தனிநாட்டுக் கோரிக்கை மீண்டும் வலுத்தது. அயர்லாந்துத் தீவுக்குள் எல்லைச் சோதனையைத் தவிர்க்க, வட அயர்லாந்து சரக்கு வணிகத்தில் ஒன்றிய விதிகள் பலவற்றைத் தொடர்ந்து பின்பற்றுகிறது. இதனால் பிரிட்டனிலிருந்து அங்கு செல்லும் சரக்குகளுக்குச் சோதனை வந்தது. 2023-இன் வின்ட்சர் உடன்பாடு அதைத் தளர்த்தியது.

பொருளாதார விளைவுகள்: வாக்கெடுப்பு முடிவு தெரிந்த நாளில் டாலருக்கு எதிரான பவுண்டின் மதிப்பு 1985-க்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. 2021-இல் நடப்புக்கு வந்த வணிக உடன்பாடு, தோற்ற விதிகளை நிறைவுசெய்யும் சரக்குகளுக்குச் சுங்க வரியை விலக்கியது. ஆயினும் சுங்க அறிவிப்புகளும், இறைச்சி, மீன் முதலியவற்றுக்கு நலச் சான்றிதழ்களும் கட்டாயமாயின. பல கடற்பகுதிகளின் சுத்திகரிக்கப்படாத உயிர்ச் சிப்பிகளுக்கு ஒன்றியச் சந்தை அடைபட்டது. நீண்டகால உற்பத்தித்திறன் 4 விழுக்காடு குறையும் என்பது அந்நாட்டு வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு.