சர்வீஸ் வசமிருந்தோர்க்கே புள்ளி

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட், கோல கங்சார் பக்கங்களில் பரந்து கிடந்த கித்தாத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெண்ணும் கூட்டத்துக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் பால்மரம் சீவி, நண்பகலுக்குப் பின் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய நம் ஜனங்களுக்குத் தமக்கென்று மிஞ்சியது மாலைப்பொழுது ஒன்றே. அந்தப் பொழுதில் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வலை கட்டிவிட்டால், கைப்பந்தானாலும் பூப்பந்தானாலும், ஆட்டம் எப்போது முடியும் என்பதைத் தீர்மானித்தது கடிகாரமன்று. புள்ளி எண்ணுவதில் அக்காலத்தில் நிலவிய ஒரு சம்பிரதாயமே.

சர்வீஸ் எவர் வசம் இருந்ததோ அவருக்கு மட்டுமே புள்ளி உண்டு என்பதே அது. கைப்பந்தில் ஒரு கட்சி 14, மறுகட்சி 10 என்று வைத்துக்கொள்வோம். முன்னணியில் இருப்பவர் சர்வீஸ் போட்டு, பந்து வலையில் விழுந்தால் எதிரிக்குப் புள்ளி இல்லை. பந்து மட்டும் கைமாறும். வாங்கியவர்கள் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர்ந்து நின்று தங்கள் சர்வீஸைப் போடுவார்கள். அவர்களும் தவறினால் பந்து திரும்ப வந்துவிடும். இப்படிப் பத்து முறை பந்து இங்குமங்கும் போய் வந்தாலும் கணக்கு 14-10 என்றே நிற்கும். பின்தங்கியவனுக்கு நம்பிக்கை அற்றுப்போகாத முறை அது.

கைப்பந்தின் பிறப்பிடம் அமெரிக்கா. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன் 1895-இல் இவ்விளையாட்டை அமைத்தபோது, ஆட்டத்தை ஒன்பது இன்னிங்ஸ்களாகப் பிரித்திருந்தார். காலக்கிரமத்தில் அது 21 புள்ளி ஆட்டமாகி, 1917-இல் 15 புள்ளியாகக் குறைந்தது. ஆசியாவில் அதைப் பரப்பியதும் பெரும்பாலும் அதே ஒய்.எம்.சி.ஏ. சங்கந்தான். 1913-இல் மணிலாவில் நடந்த தூரகிழக்கு விளையாட்டுப் போட்டிகளிலேயே கைப்பந்து இடம்பெற்றது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியும் அச்சங்கத்தைச் சேர்ந்ததே.

அந்தப் பழைய முறையின் உச்சத்தை 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் காணலாம். நான்காவது செட்டில் தோல்வியின் விளிம்புவரை போன போலந்து, சோவியத் அணியை 19-17 என்று மடக்கி, ஐந்தாவது செட்டையும் வென்று தங்கம் கொண்டது. ஆயினும் ஓர் ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று எவராலும் சொல்ல முடியாதது தொலைக்காட்சிக்குப் பெரும் இடைஞ்சலாயிற்று. 1988-இல் ஐந்தாவது செட்டுக்கு மட்டும், சர்வீஸ் யார் போட்டாலும் ஒவ்வொரு முறையும் ஒருவருக்குப் புள்ளி என்ற விதி வந்தது. 1998-இல் சர்வதேசக் கைப்பந்து சம்மேளனம் அதனை எல்லாச் செட்டுக்கும் விரித்து, 25 புள்ளி, குறைந்தது இரண்டு புள்ளி வித்தியாசம், ஐந்தில் மூன்று செட் என்று வகுத்தது.

இங்கே நமக்குப் பெருமை தரும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பூப்பந்திலும் இதே மாற்றம் நிகழ 2006-இல் முன்னின்று வாதாடியவர் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். அவரோ பழைய முறையிலேயே வளர்ந்து பேரெடுத்தவர். ஈப்போவாசியான இங் பூன் பீயுடன் சேர்ந்து 1971-இல் அனைத்து இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். இரட்டையர் ஆட்டத்தில் அப்போது பொதுவாக இருவருமே தங்கள் சர்வீஸை இழந்தாலன்றிப் பந்து எதிரிக்குப் போகாது. அந்த நுட்பங்களையெல்லாம் நன்கறிந்த ஒருவரே அவற்றைக் கைவிடச் சொன்னார் என்பதால், அவர் வாதத்துக்குத் தனி மதிப்பு உண்டென்பது என் அபிப்பிராயம். அன்று முதல் பூப்பந்து 21 புள்ளி; 29-29 என்று வந்துவிட்டால் அடுத்த புள்ளி பெற்றவரே வென்றவர்.

புதிய முறை நியாயமானது. ஒவ்வொரு பிழைக்கும் உடனே விலை உண்டு. ஆனால் பழைய முறையை விரும்பியவர்களின் மனத்தாங்கலை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அந்த முறையில் ஆடிய தோட்டத்து மாலைகளும் நிலைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அரசியல் தலைவரான துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துச் சிலவற்றைக் காத்தார். மற்றவை பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய், குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. திடலும் போயிற்று, மாலையின் அவகாசமும் போயிற்று. பழைய கணக்கின் மிச்சமாகக் கைப்பந்தில் ஐந்தாவது செட்டை மட்டும் இன்றும் 15 புள்ளிக்கே ஆடுகிறார்கள்; 8 புள்ளி ஆனதும் இரு கட்சியும் பக்கம் மாறிக்கொள்கின்றன.