ராட்னி கிங் வழக்கு: 27 எப்படி 19 ஆனது?

1991 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸார் லத்தியால் துவைத்தெடுத்ததை, பக்கத்தில் குடியிருந்த ஒருவர் பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தார். உலகமே பார்த்த வீடியோ. ஆனாலும் 1992 ஏப்ரல் 29 அன்று சிமி வேலியில் மாநில நீதிமன்ற ஜூரி நான்கு போலீஸாரையும் விடுவித்தது. பவல் மீதான ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. ஊர் பற்றி எரிந்தது. ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். அதுக்கப்புறம் நடந்ததுதான் என் ஆர்வம்.

ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாதே, மறுபடி எப்படி வழக்கு? அமெரிக்காவில் மாநிலமும் மத்திய அரசும் தனித்தனி இறையாண்மை கொண்டவை. ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கலாம். மாநிலச் சட்டப்படி அது தாக்குதல். மத்தியச் சட்டப்படி, அரசு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறித்த குற்றம். உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866இல் வந்த சட்டத்தின் வாரிசு இது. 1993 ஏப்ரலில் ஸ்டேசி கூன், லாரன்ஸ் பவல் இருவரும் குற்றவாளிகள் என்று மத்திய ஜூரி சொன்னது. மற்ற இருவர் விடுதலை.

இனி தண்டனை. இந்த இடம் கம்ப்யூட்டர்காரனுக்கு ரொம்பப் பிடிக்கும். மத்திய நீதிமன்றங்களுக்கு ஒரு அட்டவணை உண்டு: 43 வரிசை, 6 பத்தி. கடுமையான தாக்குதலுக்கு 15 புள்ளி, லத்திக்கு 4, காயத்துக்கு 2, போலீஸ் அதிகாரத்துக்கு 6. கூட்டினால் 27. முன்பு குற்றம் செய்யாதவர் என்றால் 70 முதல் 87 மாதம்.

காயத்துக்கு ஏன் வெறும் 2? ஆரம்பத்தில் அடித்தது சட்டபூர்வம், பலத்த காயமெல்லாம் அதில்தான் பட்டது, கடைசிச் சில அடிகள்தான் குற்றம் என்றார் நீதிபதி ஜான் டேவிஸ். அதோடு விடவில்லை. கிங் குடித்துவிட்டு வண்டியை விரட்டினார், சொன்னதைக் கேட்கவில்லை, போலீஸைத் தூண்டிவிட்டார் என்று 5 புள்ளி கழித்தார். (குற்றமான அடிகள் விழுந்தபோது அவர் தரையில் கிடந்தார் என்பதையும் சேர்த்துப் படிங்க.) போலீஸ் வேலை போகும், சிறையில் இவர்களுக்கு ஆபத்து, மறுபடி குற்றம் செய்ய வாய்ப்பு குறைவு, இரண்டு முறை விசாரணையைத் தாங்கினார்கள் என்ற நாலு காரணத்தையும் சேர்த்து இன்னொரு 3 கழித்தார். ஆச்சு, 19. அதுக்கு 30 முதல் 37 மாதம். ஆளுக்கு 30 மாதம் கொடுத்தார்.

முதல் ஐந்தைப் பற்றிக்கூட வாதாடலாம். என்னை உறுத்துவது அந்தக் கடைசிக் காரணம். முதல் ஜூரி விட்டதால்தானே இரண்டாவது வழக்கே வந்தது? தப்பித்ததே தள்ளுபடிக்குக் காரணமாகிவிட்டது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கழித்தலை ஏற்கவில்லை. 1996 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேலை இழப்பையும் 'மறுபடி செய்ய மாட்டார்கள்' என்பதையும் மட்டும் தள்ளிவிட்டு, மற்றதெல்லாம் நீதிபதியின் விருப்புரிமை என்றது. வழக்கு டேவிஸிடமே திரும்பி வந்தது. அவர் மறுபடியும் அதே 30 மாதம்தான் போட்டார். அதற்குள் கூனும் பவலும் தண்டனையை முடித்து வெளியே வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது.