கூம்பும் யூனிட்டும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் கோயில் விழாக்களில் மைக்செட் கட்டுவோர்க்கு 'யூனிட் மாற்றுதல்' பழகிய வேலை. கூம்பு ஒலிபெருக்கியின் பின்புறம் திருகிப் பொருத்தப்படும் உருண்டைப் பகுதியே யூனிட். காந்தம், கம்பிச்சுருள், மெல்லிய சவ்வு ஆகியன அதனுள் அடக்கம். எரிந்ததை மாற்றுவது ஒன்று. நல்லதைக் கழற்றி அதிக வாட் உள்ளதைப் பொருத்துவது வேறொன்று. பின்னதன் வரலாற்றையே இங்கு நோக்குகிறோம்.

1915இல் அமெரிக்காவில் ஜென்சனும் பிரிதாமும் காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளைக் கூம்போடு இணைத்துக் காட்டினர். 1925இல் ரைஸ், கெல்லாக் இருவரும் கூம்பின் துணையின்றிக் காற்றை நேரே அசைக்கும் காகித ஒலிபெருக்கியை விளக்கினர். வீட்டு ஹைஃபை பெட்டிகள் அவ்வழி வந்தவை. 1926இல் வென்ட், துராஸ் உருவாக்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 பேசும்படத்திற்குக் குரல் தந்தது. நம் ஊர் யூனிட் அதன் வழித்தோன்றல். பின்னர் மின்காந்தத்தின் இடத்தை நிலைக்காந்தம் பெற்றது, வாட் கூடியது. கூம்பின் இலக்கணம் மட்டும் மாறவில்லை.

வாயின் சுற்றளவு ஒலியலையின் நீளத்திற்கு ஏறத்தாழ ஒத்திருந்தால்தான் அவ்வொலியைக் கூம்பு செவ்வனே வெளியிடும். ஒன்றரை அடி வாயுள்ள கூம்பின் சுற்றளவு 1.4 மீட்டர், நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு அது சுமார் 240 ஹெர்ட்ஸ் எல்லையாகும். எத்தனை வாட் யூனிட்டைப் பொருத்தினும் இவ்வெல்லை இறங்காது. மாறாக, எல்லைக்குக் கீழுள்ள ஒலியில் காற்றின் தாங்கலின்றிச் சவ்வு மிகையாக அசைந்து பழுதுறும்.

தெருக்கூத்தில் இதன் விளைவைக் காணலாம். முகவீணையும் கட்டியங்காரன் சொல்லும் கணீரென்று எழும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியோ மெலியும். வாட் கூட்டியதால் கூத்து செழுமையுறவில்லை. அடுத்த ஊர்வரை சென்றது, அவ்வளவே.

அத்தொலைவுக்கு விலையும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2002ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்வு தரலாம். கூத்தோ விடியவிடிய நிகழ்வது.

ஆகவே பழைய கூம்பைப் புதுப்பிப்போர் அதற்குரிய ஓம் அளவுள்ள சவ்வையே இட்டு, தாழொலியைத் தடுக்கும் மின்தேக்கி ஒன்றையும் சேர்த்தால் போதும். மிருதங்கத்திற்குக் களரியோரம் ஒரு பெட்டி ஒலிபெருக்கி வைக்கலாம். நள்ளிரவுக்குப் பின் இரண்டையும் அணைத்துவிட்டாலும் ஆட்டம் நிற்க வேண்டியதில்லை. மைக் வருமுன்னரே சபையோர் அனைவர்க்கும் கேட்கப் பாடிப் பழகிய கலை அது.