கொல்லிமலையில் விபத்து இழப்பீடு

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் அமைந்த மலைப்பகுதி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்த இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையிலிருந்து பலா, வாழை, அன்னாசி, மிளகு, காப்பி, மரவள்ளிக்கிழங்கு ஆகியவை இவ்வழியே கீழே இறங்குகின்றன. மக்களும் இவ்வழியே மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் செல்கின்றனர்.

இச்சாலையிலோ தோட்டத்திலோ பலத்த காயமடைந்து, கை கால் இழந்த ஒருவருக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அந்தச் சட்டங்கள் இரயிலையும் ஆலையையும் மோட்டார் வண்டியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சம்பளச் சீட்டு இல்லாத மலை விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் அவை எப்படிப் பொருந்தின, எங்கே பொருந்தாமல் போயின என்பது இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி.

சட்டத்தின் தொடக்கம்

ஒருவருடைய உயிரிழப்புக்காக அவரது குடும்பம் வழக்குத் தொடர முடியாது என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டக் கொள்கை. காயமடைந்தவர் பிழைத்தால் நட்ட ஈடு கேட்கலாம், இறந்துவிட்டால் உரிமையும் அவருடன் போய்விடும். இரயில் விபத்துகள் பெருகிய காலத்தில் இக்கொள்கை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1846ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் உயிர் போக்கும் விபத்துகள் சட்டத்தை இயற்றியது. இதே வகையில் இந்தியாவில் 1855ல் ஒரு சட்டம் வந்தது. இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், குழந்தைகள் ஆகியோர் இழப்பீடு கேட்க அது வழிவகுத்தது.

ஆனால் வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் தொடர வேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். எதிர்த்தரப்பின் கவனக்குறைவைச் சாட்சிகளுடன் நிரூபிக்க வேண்டும். கூலி வேலை செய்பவருக்கு இவை மூன்றும் எட்டாதவை.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்

1923ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்படும் காயத்துக்கு முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இதன் அடிப்படை. எந்த உறுப்பை இழந்தால் எத்தனை சதவீத உழைப்புத் திறன் இழப்பு என்று ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. இரு கைகளையும் இழந்தால் 100 சதவீதம், ஒரு கட்டைவிரலை இழந்தால் 30 சதவீதம் என்று அது கணக்கிடுகிறது.

2009ல் திருத்தப்பட்டபோது இதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என மாறியது. நிரந்தர முழு ஊனத்துக்கான குறைந்தபட்சத் தொகை 1,40,000 ரூபாயாகவும், உயிரிழப்புக்கு 1,20,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2020ல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இச்சட்டத்தின் விதிகளும் சேர்க்கப்பட்டன.

கொல்லிமலையில் மிளகுக் கொடிகள் உயரமான சில்வர் ஓக் மரங்களில் படர விடப்படுகின்றன. அறுவடைக் காலத்தில் ஏணி வைத்து மரத்தின் உச்சிவரை ஏறி மிளகு பறிக்க வேண்டும். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிவது இத்தொழிலின் பேராபத்து. பெரிய தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர் விழுந்தால் கேட்பதற்கு ஒரு முதலாளி உண்டு. சொந்த நிலத்தில் பறிப்பவர் விழுந்தால் எவரிடமும் கேட்க இயலாது, ஏனெனில் இச்சட்டம் முதலாளி தொழிலாளி உறவின்மேல் கட்டப்பட்டது. சிறு நிலம் வைத்திருக்கும் மலை விவசாயி இந்த இடைவெளியில்தான் விழுகிறார். தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டம் போன்ற நிவாரணங்கள் ஓரளவு உதவுகின்றன. எனினும் அவை அரசு தரும் உதவித் தொகைகள், இழந்த வருமானத்தைக் கணக்கிட்டுத் தரும் இழப்பீடுகள் அல்ல.

மோட்டார் வாகனச் சட்டங்கள்

1939ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வாகனத்தால் பாதிக்கப்படும் மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு பற்றிய அதன் பகுதி 1946 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 1956ல் செய்யப்பட்ட திருத்தம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை அமைக்க வழி செய்தது. இதன்பின் உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட வழியில் போக வேண்டிய தேவை இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிமன்றங்களும் சார்பு நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றன. மனுவை வழக்கறிஞர்கள் ‘எம்.சி.ஓ.பி.’ என்று குறிப்பிடுகின்றனர்.

தீர்ப்பாயம் வந்த பிறகும் கவனக்குறைவை நிரூபிக்கும் சுமை நீங்கவில்லை. ஓட்டுநரின் தவறு நிரூபிக்கப்படாவிட்டால் இழப்பீடு இல்லை என்று 1977ல் உச்ச நீதிமன்றம் கூறியது. இதனால் எழுந்த விவாதத்தின் விளைவாக 1982ல் தவறு பாராத பொறுப்பு என்னும் விதி சேர்க்கப்பட்டது. யார் தவறு என்று பாராமல் உயிரிழப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று அது வரையறுத்தது.

1988ல் இயற்றப்பட்ட புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தொகைகள் முறையே 25,000, 12,000 ஆக உயர்ந்தன. 1994 திருத்தத்தில் 50,000, 25,000 ஆயின. 2019 திருத்தம் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தவறு பாராமல் வழங்க வகை செய்கிறது. மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனத்தால் கொடுங்காயம் அடைந்தவருக்கான தொகை 2022 முதல் 50,000 ரூபாயாகவும், உயிரிழப்புக்கு 2 லட்சமாகவும் உள்ளது.

1994 திருத்தம் மலைவாசிகளுக்கு மற்றொரு வகையிலும் பயன்பட்டது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம் என அது மாற்றியது. கொல்லிமலையிலிருந்து கரும்பு வெட்டவோ கட்டட வேலைக்கோ வெளியூர் சென்று அங்கே அடிபட்டவர் தன் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

சரக்கு வாகனப் பயணம்

பேருந்து குறைவான மலைக் கிராமங்களில் சரக்கு வாகனங்களில் ஏறிச் செல்வது நெடுங்கால வழக்கம். சந்தைக்கும் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் மக்கள் சிறு லாரிகளில் நின்றபடி செல்வர். இத்தகைய வாகனம் கவிழ்ந்தால் ஒரே நேரத்தில் பலர் காயமடைகின்றனர். அவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நீடித்தது.

சரக்கு வாகனத்தில் செல்லும் பயணிக்கும் காப்பீடு உண்டு என்று 1999ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. 2002ல் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சரக்கின் உரிமையாளரோ அவரது பிரதிநிதியோ சரக்குடன் சென்றால் காப்பீடு பொருந்தும் என்பது 1994 திருத்தத்தால் ஏற்பட்ட நிலை. சும்மா ஏறிச் சென்றவருக்குக் காப்பீடு பொருந்தாது. 2004ல் பல்ஜித் கவுர் வழக்கில் இந்நிலை உறுதி செய்யப்பட்டது. சட்டம் அதுவரை தெளிவாக இல்லாததால், அவ்வழக்கில் நிறுவனம் முதலில் தொகையைக் கட்டி, பிறகு வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது.

இதன் விளைவு மலையில் நேரடியாக உணரப்படுவது. தன் பலாப்பழ மூட்டையுடன் சந்தைக்குச் சென்றவரும், அதே வண்டியில் உறவினர் வீட்டுக்குச் சென்றவரும் ஒரே வளைவில் ஒரே விதமாகக் காயமடையலாம். முதலாமவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு. இரண்டாமவர் வாகன உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். அந்த உரிமையாளரிடம் கடனில் வாங்கிய அந்த ஒரு வண்டி மட்டுமே இருந்தால், தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வருவது அரிது.

அரசுப் பேருந்துகளின் நிலை வேறு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டப்படி காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்று, இழப்பீட்டைத் தம் நிதியிலிருந்து தருகின்றன. தொகை தாமதமாகும்போது நீதிமன்ற அமீனாக்கள் அரசுப் பேருந்தை ஜப்தி செய்வது தமிழ்நாட்டில் வழக்கமான செய்தி.

இருசக்கர வாகனத்தைத் தானே ஓட்டித் தானே விழுந்தவர் மூன்றாம் நபர் காப்பீட்டில் இழப்பீடு கேட்க முடியாது. உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே அவருக்கு உதவும். 2018ல் இதன் குறைந்தபட்ச அளவு 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே வரும் இளைஞர்கள் பலர் அறியாத விதி இது.

இழந்த உறுப்பின் மதிப்பு

தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் என்று கணக்கிடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. மருத்துவர் தரும் ஊனச் சான்றின் சதவீதமே தொகையை முடிவு செய்தது. 2010ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உடல் ஊனமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்று விளக்கியது. இடது கையை இழந்த தச்சரோ ஓட்டுநரோ ஏறக்குறைய முழு வருமானத்தையும் இழக்கிறார். அதே கையை இழந்த அலுவலக எழுத்தர் வேலையைத் தொடரலாம். ஆகவே பாதிக்கப்பட்டவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும் என்று தீர்ப்பாயம் ஆராய வேண்டும்.

2009ல் சரளா வர்மா வழக்கு வயதுக்கேற்ற பெருக்கெண்களை ஒழுங்குபடுத்தியது. 15 முதல் 25 வயது வரை 18, 36 முதல் 40 வரை 15, 65க்கு மேல் 5 என்று அது குறைந்துகொண்டே செல்லும். 2017ல் பிரணய் சேத்தி வழக்கு, சுயதொழில் செய்வோருக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றது. 40 வயதுக்குக் கீழ் இருந்தால் அது 40 சதவீதம். காயமடைந்து பிழைத்தவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஓர் எடுத்துக்காட்டு: 38 வயதான, மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் மரம் ஏறும் தொழிலாளி ஒரு காலை இழக்கிறார். மருத்துவச் சான்று 50 சதவீத ஊனம் என்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆண்டு வருமானம் 1,20,000ஐ 15ஆல் பெருக்கி, அதில் பாதியாக 9,00,000 ரூபாய் வரும். அவரால் இனி மரம் ஏற முடியாது என்பதால் வருமான இழப்பை 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் தொகை 14,40,000 ஆகும். எதிர்கால உயர்வு 40 சதவீதத்தையும் சேர்த்தால் 20,16,000 ஆகும். மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு ஆகியவை தனி.

வருமானத்தை நிரூபிப்பது அடுத்த சிக்கல். 1994ல் சேர்க்கப்பட்ட அட்டவணை வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்தது. இத்தொகை பல ஆண்டுகள் மாறாமல் இருந்தது. 2014ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அவரைப் போன்றவரிடம் வருமானச் சான்றை எதிர்பார்க்க முடியாது என்று கூறி, மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ரசீதும் கணக்கும் இல்லாத மலை விவசாயிக்கு இத்தீர்ப்பு பெரிய துணை.

ஆவணங்களும் காலக்கெடுவும்

இழப்பீட்டு வழக்கு விபத்து நடந்த முதல் சில மணி நேரத்திலேயே உருவாகத் தொடங்குகிறது. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, ஊனச் சான்று, வாகனத்தின் காப்பீட்டு விவரம் ஆகியவை அதன் தூண்கள். மலையில் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிட்டு, வாரங்கள் கழித்துக் கீழே செல்பவருக்கு இவற்றில் பல கிடைப்பதில்லை. 2008ல் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவையும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டமும் சிகிச்சையோடு ஆவணங்களும் உருவாக உதவின.

1988 சட்டத்தில் மனுச் செய்ய ஆறு மாதக் கெடு இருந்தது. 1994ல் அது நீக்கப்பட்டது. ஏறத்தாழ 27 ஆண்டுகள் காலவரம்பு இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம் ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொண்டுவந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டன. கொடுங்காயம் அடைந்தவர் பல மாதங்கள் படுக்கையில் இருப்பார் என்பதால் இக்கெடு ஏழைகளையே அதிகம் பாதிக்கும். அதே வேளை, விபத்து பற்றிய முதல் அறிக்கையைக் காவல்துறை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் புதிய விதிகள் கூறுகின்றன.

இலவசச் சட்ட உதவி

1987ல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். கொல்லிமலை மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். ஆகவே விபத்து வழக்குக்கு அவர்கள் வழக்கறிஞர் கட்டணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. மாவட்ட, வட்ட சட்டப் பணிகள் குழுக்களையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம்.

கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கை நடத்துவதை வழக்கறிஞர் தொழில் விதிகள் தடை செய்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் தொகையை வங்கியில் நிலை வைப்பாக வைத்து, தேவைக்கேற்ப விடுவிக்க வேண்டும் என்று 1993ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயங்களுக்கு வழிகாட்டியது. இடைத்தரகர்கள் கைக்குப் பணம் போவதைத் தடுப்பது இதன் நோக்கம்.

வரலாற்று இடம்

தவறை நிரூபித்தால்தான் நட்ட ஈடு என்ற நிலையிலிருந்து, காயமடைந்தவரின் வாழ்க்கையைப் பார்த்துத் தொகையைக் கணக்கிடும் நிலைக்கு இந்தியச் சட்டம் வந்துள்ளது. இவ்வளர்ச்சி மிகுதியும் சாலை விபத்துகளின் வழியே நிகழ்ந்தது. ஆகவே கொல்லிமலையில் பேருந்திலோ சரக்குடன் வண்டியிலோ அடிபட்டவருக்கு இன்று தெளிவான உரிமை உண்டு. சரக்கில்லாமல் வண்டியில் ஏறியவருக்கும் சொந்த மரத்திலிருந்து விழுந்தவருக்கும் அந்த உரிமை இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.